ஐந்துக்கு முன்னால் ஒரு கோடு

அன்புள்ள அண்ணா,

இன்று காலை நம் சுகாதார நிலையத்தில் பழைய பதிவேடுகளைக் கட்டி ஓரமாக வைக்கச் சொன்னார்கள். தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதி வைப்போமே, அந்த நோட்டு கையில் வந்தது. ஒரு பக்கத்தில் நீல மையில் என் எழுத்தில் 5. அதற்கு முன்னால் சிவப்பு மையில் சின்னதாக ஒரு கோடு, பக்கத்தில் என் கையொப்பம். பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மாரடைப்பில் போய் எட்டு மாதம் ஆகிறது.

அது ஒரு புதன்கிழமை. வத்தல்மலைக் குழந்தைகளுக்கு ஊசி போடப் போனோம். நீங்கள் ஜீப்பை ஓட்ட, நான் பக்கத்தில் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாதி மலை ஏறியதும் போகிற போக்கில் கேட்டீர்கள்.

"நேத்து சாயங்காலம் ஐஸ்கட்டி வெக்க வந்தப்ப பாத்தேன் சிஸ்டர். மருந்துப் பெட்டியில மைனஸ் அஞ்சு காட்டுச்சு. அவ்ளோ குளுரு வேணுங்களா அதுக்கு?"

"வெறும் அஞ்சுண்ணா. நான்தான் பாத்து எழுதினேன்."

"அஞ்சுதாங்க. முன்னாடி ஒரு கோடு இருந்துச்சு."

அது கண்ணாடியில் விழுந்த கீறல் என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "லடாக்குல ரெண்டு வருசம் அந்தக் கோட்டப் பாத்துட்டுத்தான் காலையில வெளிய வருவோம். கீறல் எது, கோடு எதுன்னு தெரியாதுங்களா எனக்கு?"

உங்கள் வலது காலில் இரண்டு விரல்கள் இல்லாதது எனக்குத் தெரியும். ராணுவத்தில் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்தவை அவை. பெயர்ப்பட்டியலை மூடி வைத்தேன்.

அந்த மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போய் உறைந்தால் அதன் வேலை முடிந்தது. முந்தைய இரவு நெடுநேரம் மின்சாரம் இல்லை. அதில் சூடு ஏறி, காலையில் நான் பார்த்தபோது பெட்டி நான்கு காட்டியது. நோட்டில் ஐந்து, நான்கு என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. குப்பியின் மேலுள்ள சின்னச் சதுரம் நிறம் மாறி, சூட்டில் கெட்டதைக் காட்டும். குளிரில் கெட்டதைக் காட்டாது.

"ஒரு கோடுதானேண்ணா," என்றேன். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது எனக்கு.

"பூஜ்யத்துல நின்னு மேல அஞ்சு படி ஏறுனாலும், கீழ அஞ்சு படி எறங்குனாலும் நடந்த தூரம் ஒண்ணுதான் சிஸ்டர். ஆனா ஏறுனவனுக்கும் எறங்குனவனுக்கும் நடுவுல பத்துப் படி இருக்குதுங்களே."

எதிரெண்கள், பூஜ்யத்திலிருந்து சம தூரம், கூட்டினால் பூஜ்யம் என்று ஆறாம் வகுப்பில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தப் பத்து டிகிரியை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

ஊர்ப் பள்ளி வராந்தாவில் பத்தொன்பது குழந்தைகள் காத்திருந்தன. ஒரு குப்பியை எடுத்துக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். துகள் துகளாக ஏதோ வேகமாக அடியில் இறங்கியது. உறைந்து இளகிய மருந்து அப்படித்தான் படியும், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகப்பட அது போதும்.

"இன்னைக்கு ஊசி கொஞ்சம் லேட்டாகும்," என்றேன்.

முன்னால் நின்ற பெண் இடுப்புக் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டாள். "கேவுரு அறுப்ப வுட்டுட்டு அந்தப் பக்கத்து மலையில இருந்து நடந்து வரேனுங்க. மருந்து பாத்தா நல்லாத்தான இருக்குது? போட்டு வுடுங்களேன்."

போட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. குழந்தை வீறிட்டு அழுதிருக்கும், அட்டையில் டிக் விழுந்திருக்கும், தாய் நிம்மதியாகப் போயிருப்பாள். உடம்புக்குள் மட்டும் ஒன்றும் நடந்திருக்காது. உறைந்தாலும் கெடாத போலியோ சொட்டு மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடி டாக்டரைக் கூப்பிட்டேன்.

"மருந்து உறைஞ்ச மாதிரி இருக்கு சார்."

"எப்படி?"

"வந்து சொல்றேன் சார்."

பக்கத்து நிலையத்தில் புது மருந்துக்குச் சொல்லிவிட்டார். நீங்கள் கீழே இறங்கித் திரும்ப மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் நான்கு தாய்மார்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் வந்ததும் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, விரல் இல்லாத காலோடு வரப்பில் நடந்து வீடு வீடாகப் போய் நான்கு பேரையும் கூட்டி வந்தீர்கள். பத்தொன்பது குழந்தைகளுக்கும் ஊசி போட்டு முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

இறங்கும்போதுதான் அதைச் சொன்னீர்கள்.

"ஐஸ்கட்டிய கொஞ்ச நேரம் வெளிய வெச்சு வேர்க்க வுடாம நான்தான் அப்படியே மருந்தோட எடுத்து வெச்சுட்டேன், அதுல உறைஞ்சிருச்சுன்னு சொல்லிக்கிறேன் சிஸ்டர். நீங்க பர்மனென்ட்டு. நான் கான்ட்ராக்ட்டு டிரைவர். எனக்கு வேற வண்டி கெடைக்கும்."

உங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவு, இன்னொன்று, இன்னொன்று. மலை இறங்கி முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. நீங்களும் மறுபடி கேட்கவில்லை.

டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன ஆச்சு?"

"சார், அந்த ஐஸ்கட்டி..." என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

"மைனஸ நான் பாக்கல சார்," என்றேன். "நேத்து சாயங்காலம் மைனஸ் அஞ்சு. நான் அஞ்சுன்னு எழுதிட்டேன்."

மறுநாள் சோதித்ததில் பெட்டியிலிருந்த மருந்தெல்லாம் உறைந்து கெட்டது உறுதியானது. எனக்கு மெமோ வந்தது. டாக்டர் முன்னால் அந்தக் கோட்டைப் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அதன் பிறகு மூன்று வருடம் உங்கள் ஜீப்பில் வந்தேன். அந்த வளைவுகளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நான் நல்லவள் என்று நீங்கள் நம்பிவிட்டீர்களோ, அல்லது எல்லாம் தெரிந்தே விட்டுவிட்டீர்களோ, கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன் அண்ணா. "சரி, அப்படியே சொல்லிடுங்க" என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் டாக்டரின் முகத்தைப் பார்க்கும்வரை அது அங்கேயே இருந்தது. நான் மட்டும் அதைச் சொல்லியிருந்தால், நீங்கள் ஒரு வார்த்தை மாறாமல் அப்படியே சொல்லியிருப்பீர்கள்.