கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட தண்டை

இன்றைக்குக் காலையில் கொல்லையில் யாரோ நடக்கும் சத்தம். உலக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மல்லாட்டை உரித்துக் காயப்போட்ட கடலைத் தோல்மேல் அணில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் பெண்டாட்டிக்கு எதிலும் முதலில் சந்தேகம்தான் வரும், உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் உயிரோடு இருந்திருந்தால், "அந்தத் தோல ஒரு மொறம் அள்ளிக் குடுமே, காட்டுல நடக்கற சீனுக்கு ஆவும்" என்று கேட்டிருப்பீர்கள்.

அந்தக் காலத்தில் நீங்கள் விழுப்புரத்து டூரிங் கொட்டகையில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டியும் ஆட்டியும் ஊமைப்படங்களுக்குச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். நம் மகள் அம்மை கண்டு போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்தா அந்தக் கனவுப்படம் வர வேண்டும்! ஒரு தகப்பன் தூக்கத்தில் எழுந்து, சுவரே இல்லாத வீட்டில் கதவு கதவாகத் திறந்து, செத்துப்போன குழந்தையைத் தேடுகிறான். குழந்தை படத்தில் வரவே வராது. "கண்ணு பாக்காதத காதுலதான் காட்டணும்" என்றீர்கள்.

அந்த வாரம் பெட்டியில் மகளின் வெள்ளித் தண்டையைக் காணவில்லை. பகலில் நீங்கள் சைக்கிளில் புதுப் பானை ஒன்றைக் கட்டிக்கொண்டு செஞ்சி ரோட்டில் போவதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். புதுப் பானை, குழந்தைத் தண்டை. எங்கேயோ இன்னொரு குடித்தனம், வேறென்ன? திண்டிவனத்திலிருந்து அண்ணனை மாட்டு வண்டியோடு வரவழைத்தேன். விசாரித்துக்கொண்டே போனோம். மண்டகப்பட்டுக் குகைக் கோயிலுக்கு வெளியே உங்கள் சைக்கிள் நின்றது.

உள்ளே ஒரு குழந்தை நடந்தது. தண்டைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

"புள்ளய வெளிய கொண்டாங்க! பெத்தவ மூஞ்சியயும் பாக்கறேன்!"

நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். மண்டியிட்டு, பானைக்குள் கையை விட்டுத் தண்டையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"இன்னாமே, நீ எங்க இங்க?" என்று திகைத்தவர், பிறகு அழுதுவிட்டீர்கள். "படத்துல வர்ற வூட்டுக்கு இந்தக் கொகையோட எதிரொலிதான் வேணும். பானைக்குள்ள ஆட்டுனா அதே மாதிரி கீது. ஆனா கொழந்தைய எவ்ளோ தூரத்துல வெக்கறதுன்னு தெரியல. கிட்ட வெச்சா பயமா கீது. தூரமா வெச்சா மனசு கேக்கல."

அப்போதும் நான் இளகவில்லை. செத்த பிள்ளையை வைத்து வித்தை காட்டப் போகிறீர்களோ என்று புதுச் சந்தேகம். "மொத ஆட்டத்துக்கு வர்றேன். ஒருத்தன் சிரிச்சாலும் தண்டைய வாங்கிக்கினு அண்ணன் வண்டியில போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்" என்றேன்.

பெண்கள் பக்கம், கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்தேன். திரையில் முதல் கதவு திறந்தது. எங்கோ தொலைவில் தண்டை. கொட்டகை எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அன்றைக்கு அது முடிவில்லாத வீடாக இருந்தது. ஒவ்வொரு கதவுக்கும் சத்தம் கொஞ்சம் கிட்டே வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பீடி குடிப்பவர்கள்கூட இருமவில்லை. கடைசிக் கதவு திறந்தபோது, என் முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் கேட்டது. நீங்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன். வெறும் மணல்தான்.

அண்ணனைத் தனியாகவே ஊருக்கு அனுப்பினேன். வீட்டுக்கு நடக்கும்போது, "கடைசிச் சத்தத்த எப்படிங்க என் பின்னால கொண்டாந்தீங்க?" என்று கேட்டேன். நீங்கள் நடுரோட்டில் நின்றுவிட்டீர்கள்.

"கடைசிக் கதவுக்கு எனக்குக் கை வரலமே. நான் ஆட்டவே இல்ல."

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் துருவித் துருவிச் சந்தேகப்பட்டவள் நான். இந்த ஒன்றை மட்டும், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும், சந்தேகப்பட எனக்கு மனசில்லை.