கோட்டுக்கு வெளியே நிக்கத் தெரியாத மனேஜர்

ஞாயிறு, இரவு.

அயர்லாந்துப் பெடியளோடை வருசக்கணக்கா, கையாலையும் பந்து பிடிக்கிற கேலிக் ஃபுட்போல் விளையாடின நான், இண்டைக்குத்தான் முதன்முதலா மனேஜரா நிண்டன். தோத்தால் வேற ஆளைப் போடுவம் எண்டு கிளப்பில சொல்லிப்போட்டினம்.

ஆட்டம் முடியப்போகுது, நாங்கள் ஒரு புள்ளி முன்னுக்கு. பந்து என்ரை பக்கமா உயர வந்துது. பழக்கதோசம், கோட்டைத் தாண்டிப் பாய்ஞ்சு பிடிச்சுப்போட்டன்! நடுவர் எதிரணிக்கு ஃப்ரீ கிக் குடுத்தார். நான் கண்ணை மூடிட்டன். நல்லகாலம், எதிரணிப் பெடியன் வெளியாலை அடிச்சான். வெண்டிட்டம்!

பெடியள் என்ரை ரெண்டு கையையும் ஸ்கார்ஃபாலை கட்டி, மெத்ரோவிலை எங்கடை தமிழ்க்கடைத் தெரு ரூ காய்க்குக் கூட்டிவந்து ரோல்ஸ் வாயிலை தீத்திவிட்டாங்கள்.

வீட்டை வந்து சொல்ல, மனுசி விழுந்து விழுந்து சிரிச்சாள். "அடுத்தமுறை நானும் வாறன், உங்கடை கொலரைப் பிடிச்சுக்கொண்டு நிக்க."

"கொலர் ஏனப்பா? கையைப் பிடியும்" எண்டன்.

இவ்வளவு வருசமும் ஒரு ஆட்டத்துக்கும் வராதவள். நித்திரை வருகுதில்லை.