ஐஸ் கம்பெனி மோட்டாரும் செல்வியின் பெட்டியும்

இராயபுரம்,
3 டிசம்பர் 1954

அன்பு மகள் ஞானசெல்விக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அம்மாவின் முழங்கால் தவிர இங்கே எல்லாம் சுகம், உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

படிப்புக்காக நீ செய்து பெங்களூரிலிருந்து அனுப்பிய பெட்டி உடையாமல் வந்தது. வீட்டு மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் ரேடியோவுக்கு ஒரே அளவாகக் கொடுக்கும், தான் தின்பது ராத்திரி விளக்கைவிடக் குறைவு என்று நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்தேன், இந்த வீட்டில் குறைவாகத் தின்று நிறைய வேலை செய்கிற இரண்டாவது ஆள் என்றாள், முதல் ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. ரேடியோக் கடைக்காரர் வந்து மாட்டினார், உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய் ஊதாவாக மினுங்குகிறது, கண் படும் என்று அம்மா அதை முந்தானையால் மறைக்கிறாள்.

சாயங்காலம் எதிர் ஐஸ் கம்பெனி, தெரு மின்சாரத்தையெல்லாம் இழுக்கிற அந்த மோட்டாரைப் போடும்போது பாட்டுச் சத்தம் இறங்குகிறதா என்று பார்த்து எழுதுங்கள், இறங்கினால் பெட்டியைச் சரிசெய்யாமல் கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான். முதல் நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், சத்தம் துளியும் இறங்கவில்லை, என் மகள் ஜெயித்துவிட்டாள் என்று குதித்தேன். அந்த நேரம் பார்த்து மீன்காரி கெங்கம்மா தெருவில் நின்று, இன்னா பரசுராமா, மோட்டார ஏன் போடல, ஐஸ் இல்லாம எம் மீனு நாறிக்கினு கீது என்று கத்தினாள். மோட்டார் ஓட்டுகிற பரசுராமன், நம்ம செல்வி வூட்டுக்கு வரணுமாம், கொஞ்ச நேரம் போடாதன்னு அவங்கம்மா சொல்லிச்சு, நீ பேஜாரு பண்ணாத என்கிறான், வாய் நிறைய முந்திரிக்கொத்து. கிறிஸ்துமஸ் பலகாரத்தில் பாதியை உன் அம்மா லஞ்சமாகக் கொடுத்திருக்கிறாள்! பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்றே எழுதிவிடுங்கள் என்று எனக்கும் ஒரு தட்டு நீட்டினாள், தின்றேன், எழுதவில்லை.

மறுநாள் மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டுப் பாட்டைக் கேட்டேன். ஊதா வெளிச்சம் அணைந்தது, பாடகர் கிணற்றுக்குள் இறங்கிப் பாடுவது போலச் சத்தம் போயிற்று, சற்றுப் பொறுத்துத்தான் மேலே ஏறி வந்தார். பொய் எழுதினால் உன் படிப்பு கெடும், உண்மை எழுதினால் நீ வரமாட்டாய், பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில் உண்மையையே எழுதிவிட்டேன். உன்னைப் பார்க்காமல் எங்களுக்குக் கண் தேடுகிறது, அதுவும் உண்மை.

பனியில் காதை மூடிக்கொள், வெறும் காப்பியைக் குடித்துக்கொண்டு கிடக்காதே. ஆண்டவர் உனக்கு நல்ல சுகமும் நீண்ட ஆயுளும் தரட்டும். ஒன்றை மட்டும் யோசி மகளே, உன் பெட்டியைத் தோற்கடித்த மோட்டார் பெங்களூரில் இல்லை, நம் எதிர்வாசலில் இருக்கிறது. சரிசெய்ய வேண்டுமென்றால் நீ இங்கே வந்துதான் ஆகவேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
தேவப்பிரியம்