சின்னப் படுக்கை

கழுகுமலையில் உன் அம்மா வீட்டில் இருக்கும் உனக்கு,

லீவு விட்டால் மூன்று பேரும் கடலோரம் போய்த் தங்கலாமென்று வாங்கிப்போட்ட பழைய வேன், நேற்று முனங்கிக்கொண்டே ஸ்டார்ட் ஆனது. துருவைச் சுரண்டி, நீ கேட்ட மஞ்சளையே அடித்திருக்கிறேன்.

பாப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நீ போய்விட்டாய். எனக்கு இந்த வேலைதான் இருந்தது.

ஓட்டப்பிடாரத்து ஆசாரி புது ஆள், நம் வீட்டு விஷயம் தெரியாது. வேனுக்குள் எத்தனை படுக்கை என்றார். மூன்று என்று வாய் சொல்லிவிட்டது. சின்னதுக்கு அவள் பாயை விரித்து அளவு காட்டினேன்.

"வளருத பிள்ளைல்லா அண்ணாச்சி, ஒரு சாண் கூட்டிப் போடட்டுமா?"

"போடுங்க" என்றேன்.

இன்னும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. வா. அந்த ஒரு சாண் இடத்தை என்ன செய்வதென்று நீயே சொல்.

பாப்பாவின் அப்பா