விரல் நீள வான்

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் கதைத்தால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், குறை நினைக்காதேங்கோ. உங்கடை முழங்கால் நோ எப்படி? நான் சுகம்.

இங்கே கடையில் பொம்மை ரயில் பாதைகளுக்குச் சின்ன வாகனங்கள் தேடி வாங்கி, துருவும் சேறும் தீட்டிக் கொடுக்கிறேன் அல்லவா? ஒருவர் ரயில் மோதிய வான் வண்டி ஒன்று கேட்டார். விரல் நீள வானை நெருப்பில் வாட்டி, ஊசியால் கதவை நெரித்தேன். எந்தப் பக்கம் நசுங்கும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கைப்பழக்கத்தில் கண்ணாடிக்கு மேலே மூன்று குறித் திருநீறும் தீட்டிவிட்டேன்.

"இதென்ன அழுக்கு?" என்று அவர் நகத்தால் சுரண்டினார். பிறகு அதைத் தண்டவாளத்தில் வைத்து, ரயிலைத் திரும்பத் திரும்ப மோதவிட்டுச் சிரித்தார். நான் சுத்தியலை எடுத்து அந்த ரயிலை நொறுக்கினேன். அவருடைய விரலும் அகப்பட்டது.

"உனக்கென்ன, பேயா பிடிச்சது?" என்று முதலாளி கத்தினார். வேலை போகவில்லை. பயப்படாதேங்கோ.

கூழ் காய்ச்ச ஒடியல்மா கொஞ்சம் அனுப்புங்கோ. வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கடை மகள்,
தனுசியா

பி.கு: பொங்கலுக்கு வாறன். மீசாலை ரயில் கடவையில் அப்பாவோடு நசுங்கின வானுக்கு நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசுவது தெரியும். ஆனாலும் நான் வரமுன்னம் அதை முற்றத்தில் இருந்து எடுப்பியுங்கோ, அம்மா.