மடைச் சீட்டுகளைக் குப்பையில் போட்டவள்

என் தங்க அப்பாவுக்கு,

உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போன பிறகு கருணை அடிப்படையில் தந்த வேலை. அதே ஆவண அறை, அதே தூசி. ஒன்றுதான் மாறிவிட்டது. அதை மாற்றியவள் நான்.

நிலப் பத்திரக் கட்டுகளை நீங்கள் எண் வரிசையில் வைக்கவே இல்லை. கால்வாயின் தலைப்பில் தொடங்கி, தண்ணீர் பாயும் வழியே மடை மடையாக அடுக்கி, ஒவ்வொரு கட்டிலும் மடையின் பெயரெழுதிய சீட்டைச் செருகியிருந்தீர்கள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற உத்தரவு வந்தது. நான்தான் பெரிய கெட்டிக்காரி ஆயிற்றே! கட்டுகளை அவிழ்த்து, எண்படி அடுக்கி, சீட்டுகளைக் குப்பையில் போட்டேன். பாராட்டுகூடக் கிடைத்தது.

இப்போது கணினி எண்ணை மட்டும்தான் கேட்கிறது. வருகிறவர்களுக்கு எண்ணைத் தவிர எல்லாம் தெரிகிறது.

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஆயிஷா அக்கா நேற்று நான்காவது முறையாக வந்தார். அவர் வீடு கால்வாய்ப் புறம்போக்கில் இருப்பதாக நோட்டீஸ் வந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை விசாரணையில் இங்கிருக்கும் பத்திரத்தின் நகலைக் காட்டாவிட்டால் இடித்துவிடுவார்களாம்.

"நம்பரு தெரியாதும்மா. வாப்பா பேரு தெரியும், புளியமரத்து மடைக்கு மேக்கன்னு தெரியும்."

"அப்பிடித் தேட முடியாதுக்கா."

"உங்கப்பா எந்த மடைன்னு மட்டும் கேப்பாவ. பைய எந்திரிச்சுப் போயி எடுத்துட்டு வந்துருவாவ. இப்பம் என்ன வந்துச்சு?"

நான் வந்தேன், அப்பா. அதை அவரிடம் சொல்லாமல் அடுத்த கட்டை அவிழ்த்தேன்.

மூன்று நாளாகக் கட்டு கட்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். "நம்பரக் கொண்டாரச் சொல்லுங்க, நம்ம வேலை அவ்வளவுதான்" என்கிறார் மேலதிகாரி. வீடு போகப்போகிறவரிடம் அதை எந்த வாயால் சொல்வது? வருகிற ஒவ்வொருவரிடமும் மடையைக் கேட்டுக் கட்டின்மேல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அது என்றைக்கு முடியும்? நீங்கள் இருந்தபோது இதையெல்லாம் ஒரு நாளாவது கேட்டேனா? நீங்களாவது ஏன் சொல்லிவைக்கவில்லை? உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

வெள்ளிக்கிழமை வரை தேடுவேன். கிடைக்காவிட்டால் விசாரணையில் அக்கா பக்கத்தில் போய் நிற்பேன். பத்திரக் கட்டுகளைக் கலைத்து, தேட முடியாமல் ஆக்கியவள் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். நீங்கள் செத்து எனக்குக் கிடைத்த வேலை இது. போனால் போகட்டும், அந்த வீடு நிற்க வேண்டும். உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
உலகம்மை