வெள்ளைப் பூ வந்த பிறகும்

விடுதித் தண்ணீர்த் தொட்டியை இன்று பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். நெடி என் அறைக்குள் வந்ததும் பாடக் குறிப்பை மூடிவைத்துவிட்டேன். உன் சட்டையில் எப்போதும் இருந்த நெடி. நீ செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் தொட்டி கழுவுகிறவன்கூட உன்னைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்துகிறான்.

பள்ளி முடித்துக் கோயமுத்தூர்க் கல்லூரியில் நாம் பி.யு.சி. சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? வகுப்பு ஆசிரியர் ஆளுக்கொரு பத்தி இங்கிலீஷ் வாசிக்கச் சொன்னார். அதைக் கேட்டே யார் தேறுவான், யார் பாதியில் ஓடுவான் என்று சொல்லிவிடுவாராம். தமிழில் படித்துவிட்டு வந்த நீ தடுக்கித் தடுக்கி வாசித்தாய். "திருப்பூரா? தீபாவளி வரைக்கும் தாங்குவே," என்றார். நானும் வாசிப்பில் புலியில்லை. வக்கீல் வீட்டுப் பையன் என்பதால் தப்பித்தேன். அன்று சாயங்காலமே எனக்குப் புரியாத கணக்கை நீதான் சொல்லிக்கொடுத்தாய். "அவரு என் வாயப் பாத்துச் சொல்றாரு. பரீட்சையக் கையிலதான மாப்ளே எழுதோணும்?" என்று சிரித்தாய்.

தீபாவளிச் சரக்கு நெருக்கியது. பனியன் துணி வெளுக்கும் உங்கள் பட்டறையில் ஆள் போதவில்லை. உன் படிப்பை நிறுத்த அப்பாவுக்கு மனமில்லை. முருகன் கோயிலில் பூக் கேட்டார். வெள்ளைப் பூப் பொட்டலம் வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் பட்டறை. வெள்ளைதான் வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம் மனுஷன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று கல்லூரிக்கு அந்த வகுப்பு ஆசிரியரிடமே வந்தார்.

"ஏனுங்க, நம்ம பையன் தேறுவானுங்களா?"

"தேற மாட்டான். வீணா எதுக்கு? கூட்டிட்டுப் போங்க."

நீ அப்பாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாய். "வெள்ளப் பூ வந்துச்சில்லீங்களாப்பா!"

"சாமிக்குக் காலேஜுப் படிப்பப் பத்தி என்ன கண்ணு தெரியும்? வாத்தியாருக்குத் தெரியாதா?"

பாவி மனுஷன், சாமி சொன்னதைத் தள்ளிவிட்டு வாத்தியார் சொன்னதை நம்பினார். உன் டிரங்குப் பெட்டியை ரயிலடி வரை நான் தூக்கி வந்தேன். தீபாவளி விடுமுறை முடிந்ததும் வகுப்பில் உன் காலி இடத்தைக் காட்டி, "நான் சொன்னேனா இல்லையா?" என்றார் அவர்.

பட்டறையின் வெளுப்புத் தொட்டியோரம் வருஷக்கணக்கில் நின்று நின்றே உன் நெஞ்சு கெட்டுப்போயிற்று. நான் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது, மூச்சுக்குத் தவித்தபடி கேட்டாய்: "மாப்ளே, நான் தேறியிருப்பனா?" முதல் கிளாஸில் தேறியிருப்பாய் என்றேன். நம்பினாயா, தெரியவில்லை.

இப்போது நானே வாத்தியார், மாணவர் விடுதியைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். அப்பாக்கள் வந்து நின்று அதையே கேட்கிறார்கள். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரிடமும் "தேறுவானுங்க" என்றே சொல்கிறேன். தேறாதவனும் உண்டு. போன வருஷம் ஒருவர், "உங்க வார்த்தைய நம்பித்தானுங்க வெள்ளாமக் காட்ட வித்தேன்," என்று என் முன்னால் அழுதார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று மத்தியானமும் ஒருவர் வருகிறார். என்னடா சொல்லட்டும்? எத்தனை யோசித்தாலும் வாயில் "தேறுவானுங்க"தான் வரும். அன்று உன் அப்பாவிடம் யாராவது ஒருவர், பொய்யாகவாவது, அதைச் சொல்லியிருக்கக் கூடாதா?